ஆறு திருகாணி, ஏழு ஏலக்காய்

மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லாமல்தான் போடிமெட்டு ஏறினேன். கீழ்வரிசை எனக்குக் குறைவில்லை; வலப்பக்கக் கடைவாயில் இரண்டு போக மற்றதெல்லாம் சொந்தப் பல். மேலேதான் ஒவ்வொன்றாக ஆடி விழுந்து, கடைசியில் மொழுமொழுவென்று ஈறு மட்டும் நின்றது.

கழற்றி மாட்டுகிற பல் செட்டு ஒன்று இருந்தது. அதை நான் விட்ட கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் சிலமலையில் முளைப்பாரி எடுத்த அன்று கும்மி முடிந்து எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் முதல் குலவை என்னுடையது. நான் போட்ட பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாக்கைச் சுழற்றினேன். செட்டு எகிறிப் போய், முன்னால் நின்றவள் இறக்கி வைத்திருந்த முளைப்பாரிச் சட்டிக்குள் விழுந்தது. பச்சைப் பயிருக்கு நடுவே என் பல் சிரித்துக்கொண்டு கிடந்தது. தெருவும் சிரித்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, செட்டைக் கழுவித் துடைத்து, பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் நான் முதல் வரிசையில் நிற்கவில்லை.

போடியில் பல் பார்க்கிற தம்பி என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஆத்தா, எலும்பு தேஞ்சுபோய்க் கெடக்கு. நான் கை வச்சா சரிவராது. மேட்டுக்கு அங்கிட்டு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. எலும்புல திருகாணி எறக்கி, அதுமேல பல்லு வரிசைய மாட்டிருவாங்க. பெறகு கழட்டவே வேணாம்."

கழற்றவே வேண்டாம் என்றதும் நான் எழுந்துவிட்டேன்.

துணைக்கு வந்தது என் நாத்தனார் ராமுத்தாயி. என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவள். அவர் போன பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அறுபத்தெட்டு வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் அவளுக்கு அப்படியே நிற்கிறது. அதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்பாள்.

மலை ஜீப்பில் காலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஏறினோம். டிரைவர் என்னை முன்சீட்டில் உட்கார வைத்தான். பாதி மலையில் இஞ்சின் புகைந்து நின்றுவிட்டது. தண்ணீர் எடுக்க அவன் ஓடைப் பக்கம் போக, நாங்கள் எல்லோரும் இறங்கி வளைவுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். கீழே மாந்தோப்புகளும் போடியும் கைக்குள் அடங்குகிற அளவில் கிடந்தன. எங்கள் சிலமலைக் காடுகளைத் தேடினேன், மேகம் மறைத்துக்கொண்டது.

"மதினி, மொத மொத இதே எடத்துலதான் நீங்க வாந்தி எடுத்தீக," என்றாள் ராமுத்தாயி.

"நீ எடுத்த."

"நான் எடுத்தது அடுத்த வளைவு."

கல்யாணமான மூன்றாம் மாதம் ஏலத்தோட்ட வேலைக்காக இந்த மலை ஏறியவள் நான். அப்போது ஒரு ஜீப்பில் இருபது பேர் தொங்குவார்கள். மடியில் வறுத்த புளியங்கொட்டை இருக்கும். மேலே போய்ச் சேரும்வரை கடித்துக்கொண்டே வருவேன். என் கடவாயிலிருந்து வருகிற சத்தம் இஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து அவரிடம் கொடுப்பேன். மாமியாருக்கு அது பிடிக்காது. மாமியாருக்குப் பிடிக்காது என்பதும் நான் அதைச் செய்ய ஒரு காரணம்.

ஜீப்பு மறுபடி கிளம்பி மேட்டைத் தாண்டியதும் காற்று மாறியது. குளிரோடு ஏலச்செடி வாசமும் ஈர மண் வாசமும் வந்தன. கடைப்பலகையில் எழுத்து மலையாளத்துக்கு மாறி உருண்டை உருண்டையாகிவிட்டது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் எனக்கு அது பெரிய நஷ்டமில்லை.

டாக்டரம்மா இருந்த ஊர் மலைச்சரிவில் தொங்குகிற சின்ன ஊர். ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலை என்னை ஒரு மிஷினில் நிற்க வைத்தார்கள். தாடையை ஒரு தட்டில் ஊன்றச் சொன்னார்கள். மிஷின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு என் மண்டை ஓட்டை டிவியில் காட்டினார்கள். அழகில்லை என்று சொல்ல முடியாது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். மலையாளம் கலந்த தமிழ் பேசினார். "அம்மச்சி, மேலே ஆறு திருகாணி வைக்கணும். எலும்பு அதை இறுக்கிப் பிடிக்க நாலு மாசம் ஆகும். அதுவரை தற்காலிகப் பல் தருவேன். பார்க்க நல்லா இருக்கும். ஆனா இட்லியைவிடக் கட்டியா எதுவும் கடிக்கண்டா."

"மண்டைக்குள்ள ஆணி அடிக்கிறதா?" என்று ராமுத்தாயி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

டாக்டரம்மா ஒரு திருகாணியை எடுத்து அவள் கையில் வைத்தார். காதுத் தோட்டுத் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிது. ராமுத்தாயி அதை உருட்டிப் பார்த்தாள். "பந்தக்கால் ஊண்டுற மாதிரிதானா," என்று உட்கார்ந்தாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. முதலில் கால், பிறகு பந்தல்.

"இன்னொன்று சொல்லணும்," என்றார் டாக்டரம்மா. "உங்க எலும்பு ரொம்ப மெல்லிசு. இது ஒரு தடவைதான். திருகாணி ஒட்டாமப் போனா மறுபடி ஊன்ற இடம் இல்லை. பழைய செட்டுதான் போடணும்."

காப்பித்தூள் டப்பா என் கண்முன் வந்தது. "ஒட்டும்," என்றேன், ஏதோ அது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது போல.

மூன்றாம் நாள் ஊன்றினார்கள். ஊசி போட்டதும் மேல்வாய் என்னுடையதாக இல்லை. வலி இல்லை, சத்தம்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற சத்தம் தலைக்குள்ளேயே கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். டாக்டரம்மாவும் நர்சுப் பெண்ணும் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு அது புரியாதா?

"இன்றைக்கு மீன்குழம்பு கொண்டுவந்தாயா?"

"இல்லை டாக்டர், மாமியார் வந்திருக்கிறார். மீன் வாசனை அவருக்கு ஆகாது."

"எப்போது போவாராம்?"

"அதைக் கேட்டால் நான் போக வேண்டிவரும்."

வாய்க்குள் மூன்று சாமான் இருக்கும்போது சிரிப்பு வந்தால் என்ன செய்வது? என் வயிறு குலுங்கியதைப் பார்த்து, நடுக்கம் என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டார்கள்.

அடுத்த நாள் முகம் பூசணிக்காய். கஞ்சிதான் ஆகாரம். லாட்ஜுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் கப்பக்கிழங்கை மசித்து மீன்குழம்பு ஊற்றித் தின்றார்கள். எனக்குச் சிவப்பு மட்டை அரிசிக் கஞ்சியும் வேகவைத்த பயறும். நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதை இங்கே நல்ல உடம்போடு இருப்பவர்களே விரும்பிக் குடிக்கிறார்கள். பயறை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியை மட்டும் உறிஞ்சினேன். கடைக்காரர் குடிக்கச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இளஞ்சிவப்பாக இருந்தது. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பது இவர்கள் வழக்கம். ராமுத்தாயி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மதினி, நீங்க வாய் கொப்புளிச்ச தண்ணியவா திருப்பிக் கொண்டாந்து வச்சிருக்கான்?"

அவளும் அதே தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்தவள்தான். என்னைச் சிரிக்க வைத்து வலிக்க வைப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

ஐந்தாம் நாள் தற்காலிகப் பல்லைத் திருகி மாட்டினார்கள். நர்சுப் பெண் கண்ணாடி கொடுத்தாள். உள்ளே ஒட்டிப்போயிருந்த மேல்உதடு வெளியே வந்திருந்தது. கன்னம் நிரம்பியிருந்தது. என்னை எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. ஸ்டோர் வாசலில் நின்று முதலாளியிடம் "இன்னும் ஆகலை" என்று சொன்னவளின் வாய் அது. நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

ஸ்டோர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஏலக்காயைப் பச்சையாகப் பறித்துக் கழுவிக் கொண்டுவந்து, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அனலில் உலர்த்துகிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். எங்கள் காலத்தில் விறகடுப்புதான். இரும்புக் குழாய் வழியாக அனல் உள்ளே ஓடும். ஒரு பகல் ஓர் இரவு உலரும். முன்னால் எடுத்தால் பூசணம் பிடிக்கும், பின்னால் எடுத்தால் பச்சை நிறம் செத்துப்போகும். எடுக்கிற நேரத்தைக் கடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். தட்டின் நடுவிலிருந்து ஒரு காய் எடுத்து, ஊதி, இடப்பக்கக் கடவாயில் காதுக்குக் கிட்டே வைத்துக் கடித்தால், ஆன காய் கடக்கென்று சொல்லும். ஆகாதது சவக்கென்று அமுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சத்தங்கள்தான் வித்தை. அந்த ஸ்டோரில் கடிக்கிற வாய் என் வாய். ராமுத்தாயி உட்பட முப்பது பெண்கள் காய் பொறுக்கினார்கள். ஒருத்தியையும் நான் கடிக்க விட்டதில்லை.

ஆறாம் நாள் திரும்பும் வழியில் ஜீப்பு நாங்கள் வேலை பார்த்த தோட்டத்து வாசலில் லோடு இறக்க நின்றது. புகை வாசம் வந்ததும் என் கால் தானாக இறங்கிவிட்டது. ஸ்டோரை இப்போது பார்த்துக்கொள்வது கணேசன். எங்களோடு காய் எடுத்த பேச்சியம்மாளின் மகன். நரை விழுந்துவிட்டது அவனுக்கு.

"அத்தே, பல்லு கட்டியாச்சா? பொண்ணு பாக்க வரச் சொல்லலாம் போல இருக்கே."

"வரச் சொல்லு. மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்கணும்."

உள்ளே விறகடுப்பு இல்லை. பீரோ மாதிரி ஒரு மிஷின், முகப்பில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது மணி அடித்தால் காய் ஆகிவிட்டது என்று அர்த்தமாம். ஆனால் கணேசன் முகத்தில் தெளிச்சல் இல்லை. "மணி அடிச்சிருச்சு அத்தே. எனக்குத்தான் நம்பிக்கை வரல. போன தடவை இது பேச்ச நம்பி எடுத்தேன். கீழ போடியில வியாபாரிக ஒடைச்சுப் பாத்துட்டு, உள்ள ஈரம்னு மூஞ்சிய திருப்பிட்டாக." ஒரு காயை என்னிடம் நீட்டினான். "நீங்க ஒரு கடி கடிச்சுச் சொன்னா மனசு ஆறும்."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பத்து வருஷமாக என்னிடம் யாரும் பதம் கேட்கவில்லை. பல்லில்லாதவளிடம் எதற்குக் கேட்பார்கள்?

ராமுத்தாயி என் முழங்கையைப் பிடித்தாள். "மதினி, டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"ஒண்ணு கடிச்சா ஒண்ணும் ஆகாது."

"எங்கிட்டக் குடுங்க, நான் கடிக்கிறேன். என் வாயில பல்லு இல்லையா?"

"பல்லு இருக்கு. பதம் தெரியாது," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒன்று கடித்தேன். கடக். கேட்டு எத்தனை நாளாயிற்று. அடுத்த தட்டு. சவக். மொத்தம் ஏழு தட்டு, ஏழு காய். ஐந்தாவது தட்டுக்கு வரும்போது டாக்டரம்மாவையே மறந்துவிட்டேன். ஏழாவது காயைக் கடித்தபோது ஒரு சத்தம் வந்தது. அது காயிலிருந்து வரவில்லை. இடப்பக்கம் மேலே, ஈறுக்கு உள்ளே, மெல்ல ஒன்று நகர்ந்தது.

"என்ன அத்தே?"

"ரெண்டாம் தட்டும் அஞ்சாம் தட்டும் இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கட்டும். மத்தத எடுத்துரு," என்றேன். திரும்பி ஜீப்புக்கு நடந்தேன்.

மலையடியில் முந்தல் ஊர் வந்ததும்தான் ராமுத்தாயி வாயைத் திறந்தாள். "வலிக்குதா?"

"இல்ல."

"பொய்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு மாதம் இட்லி, ரசஞ்சோறு, கேழ்வரகுக் களி. களியைக் கடிக்க வேண்டியதில்லை, உருட்டி விழுங்கினால் போதும். நாக்கு மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த இடத்துக்குப் போய்வந்தது. சில நாள் ஆடுகிறது போல இருக்கும், சில நாள் ஆடாதது போல இருக்கும். போன் போட்டு டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று ராமுத்தாயி மூன்று தடவை சொன்னாள். சொன்னால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வாரோ என்று பயம். அதை அவளிடம் பயம் என்று நான் சொல்லவில்லை. "அவுகளுக்கு ஆயிரம் சோலி இருக்கும்," என்றேன். அந்த நாலு மாதமும் ராமுத்தாயி என் எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்னவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கலக்கத்தைக் கொடுத்தது.

தை மாதம் மறுபடி மலை ஏறினோம். அந்த முறை ஜீப்பு நிற்கவில்லை. நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டரம்மா தற்காலிகப் பல்லைக் கழற்றினார். இடப்பக்கக் கடைசித் திருகாணியைக் கருவியால் தொட்டார். அது அவர் விரலோடு திரும்பியது. அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மச்சி, கட்டியா ஏதாவது கடிச்சதுண்டா?"

"இட்லி," என்றேன்.

ராமுத்தாயி தலைக்கு மேலே ஓடாத காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இட்லி இதைச் செய்யாது," என்றார் டாக்டரம்மா.

மாமியார், வீட்டுக்காரர், முதலாளி, யாரிடமும் தப்பு என்னுடையது என்று நான் சொன்னதில்லை. அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது முறைப்பாக இருக்கவும் முடியவில்லை.

"ஏலக்காய்," என்றேன்.

"ஒன்றா?"

"ஏழு."

"ஏழா?"

"தட்டு ஏழு இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. அந்தத் திருகாணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "மீதியும் இப்படி வந்தா நான் ஒன்றும் செய்ய முடியாது," என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் உள்ளங்கையை இறுக்கிக்கொண்டேன். இரண்டாவது அசையவில்லை. மூன்றாவதும் அசையவில்லை. நாலாவதில் அவர் நேரம் எடுத்தபோது ராமுத்தாயி எழுந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், என் காலைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"அஞ்சும் கல்லு மாதிரி நிக்குது," என்றார் டாக்டரம்மா கடைசியில். "அஞ்சு போதும். ஒன்று போனாலும் தாங்கட்டும் என்றுதான் ஆறு வைத்தேன். சொன்ன பேச்சு கேட்கிற முகமா இது?"

அளவெடுத்து, மாட்டிப் பார்த்து, தேய்த்து, ஒரு வாரம் ஆனது. நிரந்தரப் பல் வந்த அன்று அதே கடையில் கப்பையும் மீன்குழம்பும் தின்றேன். சிவப்புத் தண்ணீரும் குடித்தேன். பாக்கு மட்டும் கடிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. "ஏலக்காய்?" என்று ராமுத்தாயி கேட்டாள். "ஒன்று," என்று விரலைக் காட்டினார்.

திரும்பும்போது தோட்டத்து வாசலில் நானே ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். மிஷின் அப்போதுதான் மணி அடித்திருந்தது. கணேசன் என்னைப் பார்த்ததும் நடுத்தட்டிலிருந்து இரண்டு காயை எடுத்து நீட்டினான். பெண்கள் தலை தூக்கினார்கள்.

ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டேன். மற்றதை ராமுத்தாயியிடம் கொடுத்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"கடி."

"எனக்குத்தான் பதம் தெரியாதே."

"கடிடி, ஜீப்பு நிக்கிது."

அவள் காயை ஊதினாள். கடவாயில் காதுக்குக் கிட்டே வைத்தாள். கடிப்பதற்கு முன்னால் கண்ணை மூடினாள். அது என் பழக்கம். நான் அப்படிச் செய்வேன் என்று அவளைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கடித்தாள்.

"இன்னும் அர மணி நேரம்," என்றாள்.

கணேசன் என்னைப் பார்த்தான். அவன் மட்டுமா, எல்லோரும்.

"அதான் சொல்லிட்டாள்ல," என்றேன்.

ஜீப்பு மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. ராமுத்தாயி பையிலிருந்து முறுக்கை எடுத்து என் எதிரே தின்ன ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒன்று தின்றோம். மூன்றாவது வளைவில் அவள் கண் அசந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் காயை எடுத்து, இடப்பக்கம் வைத்துக் கடித்தேன்.

அரை மணி நேரம்தான். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டவும் வராது. அதனால்தான் தைரியமாக எழுதிவைக்கிறேன்.